எட்டு ஃபில்டரையும் கழுவினேன்

நிலவுத் தென்முனை நிலையம்
நாள் 96. காலை 6.10
கெட்ட காற்று: 0.3. மின்சாரம்: சரி. சூரியத் தகடு நாற்பதும் துடைத்தாயிற்று.

எழுதுவது பேச்சியம்மாள், வயது அறுபத்தெட்டு, ஐந்தாம் வகுப்பு வரை. படித்தவர்கள் ஆறு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். அடுத்த ஆறு பேர் வர இருபது நாள் இருக்கிறது. அதுவரை துடைத்து வைத்துக் காவல் இருப்பது என் வேலை. தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்பது சட்டம். யார் கண்ணில் படுகிறதோ அவர்கள் பிழை பொறுக்கவும்.

தனியாக இருப்பவர்கள் மனம் தளரக் கூடாதென்று பூமியிலிருந்து காலையில் ஒரு நல்ல செய்தி வாசிப்பார்கள். இன்றைக்கு: "இந்த வருஷம் உலகத்துல எந்த நாட்டுலயும் டெங்குவால ஒரு குழந்தைகூட சாகல."

சந்தோஷம். என் தங்கச்சி ஏழு வயதில் அந்தக் காய்ச்சலில்தான் போனாள். பிழைத்த பிள்ளைகளின் அம்மாக்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள்மேல் பொறாமையாக இருக்கிறது. குறிப்பில் பொய் எழுதக் கூடாது என்பதும் சட்டம்.

நாள் 98. பகல் 11.40
கெட்ட காற்று: 0.3. தண்ணீர் இயந்திரம்: சரி.

பேத்தி இளவேனில் பேசினாள். பூமியில், கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. "அம்மாச்சி, சனிக்கிழமை கேமரா வழியா நிலையத்த ஆய்வு பண்றாங்க. பாக்கப் போறது என் பக்கத்து சீட்டு ஆதிரைதான். சௌந்தர்யா பாட்டியோட பேத்தி, தெரியும்ல?"

தெரியாமல் என்ன. நான்காம் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச், மஞ்சள் ரிப்பன். நான் வாசல் பக்கம் தரையில். என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, டீச்சர், பேச்சி நாறுறா என்பாள். டீச்சர் என்னை வெளியே போய்ச் சாப்பிடச் சொல்வார். ஐம்பத்தெட்டு வருடம் ஆகிறது. அந்த ரிப்பனில் மைக்கறை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

இளவேனில் மேலும் சொன்னாள்: "நாங்க ரெண்டு பேரும் ஒரே டப்பாலதான் சாப்பிடுவோம். என் கருவாட்டப் பூராவும் தின்னுட்டு எனக்கு வெறும் தயிர்சோத்த வச்சிருப்பா, திருடி."

சிரிக்கிறாள். என் தூக்கில் ஒருத்தியும் கை வைத்ததில்லை. சொந்தப் பேத்திமேல் பொறாமைப்படுகிறவளை என்னவென்று சொல்வது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நாள் 99. வெள்ளி. பகல் 2.00
கெட்ட காற்று: 0.3.

நாம் விடுகிற மூச்சிலிருந்து கெட்ட காற்றை இழுக்கிற ஃபில்டர் எட்டு. இரண்டு ஓடும், ஆறு மாற்று. பிரஷ்ஷால் தட்ட வேண்டும், தண்ணீர் படக் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். வியர்வை வாடை.

கேமராவுக்கு வாடை தெரியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்குப் பார்க்கப்போவது சௌந்தர்யா பேத்தி. அந்த மூக்கைப் பிடித்த மூஞ்சி கண்ணை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை வேறு. எட்டையும் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டேன். ஒன்றைக் கழுவி இன்னொன்றை விட என் கைக்கு வராது.

நாள் 100. காலை 5.20
கெட்ட காற்று: 1.9. தலைவலி.

ஃபில்டருக்குள் இருந்த மருந்து கரைந்து களியாகிவிட்டது. எட்டிலும்.

முதலில் பேசியது ஆதிரை. "பாட்டி, பயப்படாதீங்க. எதுக்குக் கழுவுனீங்க?"

வாடை என்றேன். அவள், "இளா எல்லாத்தையும் சொல்லிருக்கா. எங்க ஆச்சி செஞ்சதுக்கு நீங்க எங்கூடச் சண்ட போடுங்க, நான் வாங்கிக்கிறேன். அத அப்புறம் வச்சுக்கலாம். இப்ப அசையாமப் படுங்க."

நல்ல குரல். அதற்கும் பொறாமை.

நாள் 100. பகல் 12.15
கெட்ட காற்று: 2.8.

வியாழன் கிரகத்துக்குக் கிளம்பிய கப்பலைத் திருப்புகிறார்களாம். பன்னிரண்டு நாட்டு ஆட்கள், முப்பத்தெட்டுப் பேர். வந்து சேர முப்பத்தொரு மணி நேரம்.

இளவேனில்: "ஓட்டுப் போட்டாங்க அம்மாச்சி. முப்பத்தெட்டுக் கையும் மேல போச்சு. இனி அவங்க கிளம்ப பதிமூணு மாசம் ஆகும். பரவால்லன்னுட்டாங்க."

துடைக்கிற கிழவிக்காக.

என் வீட்டுக்காரர் அழகுபாண்டி 2029 மார்ச்சில் சாக்கடைக் குழிக்குள் இறங்கினார். விஷக்காற்று. கயிறு எடுக்கப் போன மேஸ்திரி டீ குடித்துவிட்டு வந்தான். அவன் பேர் தெரியும், அவன் போட்டிருந்த சட்டையும் தெரியும். ஆம்புலன்ஸ் அந்தச் சந்துக்குள் வராது என்றார்கள்.

நாள் 101. காலை 6.00
4.4. எழுத்து கோணுகிறது.

நல்ல செய்தி: "உலகம் பூரா, சாக்கடைக் குழிக்குள்ள மனுஷன் இறங்குறது நின்னு இன்னையோட பத்து வருஷம்."

வாசித்தது ஆதிரை.

படுத்துக்கொண்டே யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. இப்போது எனக்குப் பொறாமை சௌந்தர்யா பேத்திமேலும் இல்லை, என் பேத்திமேலும் இல்லை. முப்பத்தெட்டுப் பேர் காப்பாற்ற வருகிற பேச்சியம்மாள்மேல். படம் போட்டுச் சொல்லியும் கேட்காமல் கழுவியவள். என் வீட்டுக்காரர், மேஸ்திரி சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தார். அவருக்கு ஒரு கயிறு வரவில்லை. இவளுக்குக் கப்பல் வருகிறது.

உலகம் நல்லாகிவிட்டது. கண்ணால் பார்க்கிறேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். இன்னும் நல்லாகும். நாற்பது வருடம் முந்தி ஆகியிருக்கக் கூடாதா. என் சண்டை அது ஒன்றுதான்.

நாள் 101. மாலை 7.20
5.7

வந்துவிட்டார்கள். கதவைத் தட்டுகிறார்கள்.

இளவேனில்: "அம்மாச்சி, கதவுப் பிடிய இறக்கு. உள்ள இருந்து நீதான் இறக்கணும். வெளிய இருந்து அறுத்தா அர மணி நேரம் ஆகும். அவ்ளோ நேரம் உனக்கு இல்ல."

அன்றைக்கு என் வீட்டுக்காரரைத் தள்ளுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பட்டப்பகல். இரும்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆட்கள் பேசுவது கேட்டது. நூற்றுப் பன்னிரண்டு தட்டு தட்டினேன்.

இவர்கள் தட்டியது இதுவரை பதினான்கு.

ஆதிரை: "பாட்டி, தட்டுறது கேக்குதா? பாட்டி?"

கேட்கிறது கண்ணு. எனக்காக ஒரு கதவை யாரும் தட்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. இருபத்திரண்டு. அவர் பங்குக்கும் கொஞ்சம் தட்டட்டும். முப்பது. பிடி கைக்கு எட்டுகிற தூரம்தான்

முப்பத்தாறு
முப்பத்