ஓலை கூறிய கல்யாணம்

ஓசூர்
10-6-1984

சேசு மரி சூசை துணை

பிலோமினாவுக்கு,

தேவசிகாமணி எழுதுகிறேன், பன்னிரண்டு வருடம் கழித்து. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதற்கே நன்றி. உன்னை 'நீ' என்று எழுதலாமா, 'நீங்கள்' என்று எழுத வேண்டுமா என்று புரியாமல் ஒரு இன்லேண்டு லெட்டரை வீணாக்கிவிட்டேன். கடைசியில் பழைய வாய்தான் வந்தது.

போன வாரம் இங்கே பஸ் ஸ்டாண்டில் நம் ஏற்காட்டு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மகன் சேகரைப் பார்த்தேன். உன் அப்பா காலமானதைச் சொன்னான். உனக்கு உடம்பு முழுக்க குணமாகி, எஸ்டேட்டில் காப்பி நாற்றுக்குப் பை நிரப்பும் வேலை பார்ப்பதாகச் சொன்னான். நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றும் சொன்னான்.

நான் இங்கே ஒரு கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். கட்டிக்கொண்டவள் பெயர் மரியபுஷ்பம். நல்லவள். மஞ்சள் காமாலை வந்து மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டாள். மகள் ஜெசிந்தாவுக்குப் பத்து வயது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டதாகவே வைத்துக்கொள். பதில் வராவிட்டால் குறைப்பட மாட்டேன்.

இப்படிக்கு
தேவசிகாமணி

*

வாழவந்தி
2-7-1984

தேவசிகாமணி அவர்களுக்கு,

பிலோமினா எழுதுவது. அம்மா கிழிக்கத்தான் சொன்னாள். நான் கிழிக்கவில்லை.

கேட்டதாக வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வைத்துக்கொள்ள முடியாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நமக்குக் கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு வாசித்து ஓலை கூறியாகிவிட்டது. யாரும் தடை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் வைத்து என் இடது கையில் இருந்த தேமலைக் காட்டினேன். சுடுதண்ணீர் பட்டாலும் அந்த இடத்தில் உறைக்கவில்லை என்றேன். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். "அது ஒண்ணுமில்ல கண்ணு, கண்ணாலம் முடியட்டும், சேலத்துல டாக்டருகிட்டக் காட்டிக்கலாம்" என்றீர்கள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் நீங்கள் மலை இறங்கிப் போனதைப் பக்கத்து வீட்டு மாதப்பன் பார்த்திருக்கிறார். எங்களிடம் வந்து சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு நான் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசலில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் சாமியார் அங்கியைக் கழற்றிவிட்டு வந்து அப்பாவின் தோளில் கை வைத்த பிறகுதான் அவர் நகர்ந்தார்.

பிறகு தொழுநோய் என்று தெரிந்தது. சமவெளியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். வருடக்கணக்காக மாத்திரை சாப்பிட்டேன். நோய் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் நிமிராமல் நின்றுவிட்டன. எஸ்டேட் லயன் வீடுகளில் இன்றைக்கும் சிலர் நான் பிடித்த குடத்தைக் கழுவிவிட்டுத்தான் தொடுவார்கள். பழகிவிட்டது. நீங்கள் போனதுதான் பழகவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பத்து வயதில் தாயில்லாமல் இருப்பது கஷ்டம். மகளுக்குத் தலை யார் பின்னிவிடுகிறார்கள்?

பிலோமினா

*

ஓசூர்
29-7-1984

பிலோமினாவுக்கு,

உன் கடிதத்தை ஷெட்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் மகள் முன்னால் படிக்க முடியவில்லை.

நானேதான் பின்னிவிடுகிறேன். கோணலாக வரும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவிழ்த்துத் திரும்பப் பின்னுவதாகச் சொல்கிறாள்.

நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நோய்க்குப் பயந்துதான் ஓடினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அன்றைக்கு சேலம் ஜங்ஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். இப்போது திரும்பினாலும் தாலி கட்டிவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அதுதான் என் பாவம். மாமியார் வீட்டிலும் மரியபுஷ்பத்திடமும் இதைச் சொன்னதில்லை. சாமியாரிடம் மட்டும் சொன்னேன். அவர் பாவப்பொறுத்தல் கொடுத்துவிட்டு, "அந்தப் பெண்ணிடம் கேட்டாயா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள், பிலோமினா.

கிறிஸ்துமஸுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா? உன் அம்மா காலில் விழ வேண்டும். உன் முகத்தைப் பார்த்தும் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடிதத்தில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

தேவசிகாமணி

*

வாழவந்தி
14-10-1984

அன்புள்ள மாமாவுக்கு,

பழைய வாய் எனக்கும் இருக்கிறது.

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபத்தால் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருந்தது. பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் குற்றத்தைப் பொறுப்பது பற்றி வரும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். நீங்கள் என்னை விட்டுப் போன வருடத்திலிருந்து அப்படித்தான். பொய் சொல்லக் கூடாது அல்லவா? போன ஞாயிறு என்னை அறியாமல் அந்த இடத்தையும் சொல்லிவிட்டேன். கோயிலை விட்டு வெளியே வந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதனால் வாருங்கள்.

அம்மா மட்டும், "அவன் வந்தா நான் ஊட்டுல இருக்க மாட்டேன் பாத்துக்க" என்றாள். மறுநாளே, "அந்தப் புள்ளைக்குக் குளிருமே, கம்பளிக்கு என்ன பண்றது?" என்றும் கேட்டாள். இருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் முகம் பார்த்துக் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். பதிலை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் இப்படி யோசிக்க வெட்கமாக இருக்கிறது. வேலையில் கிருஷ்ணம்மாள், "ஏனுங்க்கா, தானா சிரிக்கிறீங்க?" என்று கேட்கிறாள்.

உங்கள்
பிலோமினா

*

ஓசூர்
30-12-1984

என் பிரியமுள்ள பிலோமினாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மலையிலிருந்து இறங்கிய களைப்புக்கூட இல்லை. நீ 'சரி' என்று சொன்னது காதிலேயே இருக்கிறது.

கிறிஸ்துமஸ் பூசையில் உன் பக்கத்து வரிசையில் மண்டியிட்டபோது கண்ணை நிமிர்த்தவே பயமாக இருந்தது. உன் அம்மா என்னைப் பார்க்காமலே காப்பி டம்ளரை முன்னால் வைத்தாளே, பெரிய பூசை கண்ட மாதிரி இருந்தது எனக்கு. நீ வைத்த கோழிக் குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கவனித்திருப்பாய்.

ஜெசிந்தா உன்னைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. நீ பின்னிவிட்ட சடையை மறுநாள் அவிழ்க்கவே விடவில்லை. அவள் ஸ்வெட்டரை ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். உன் பையிலேயே தங்கிவிட்டதாமே. அவ்வளவு தூரம் திரும்பி வந்தவள் பஸ் பக்கம் வராமலே போய்விட்டாய். உன் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. பாஸ்கா பண்டிகை முடிந்ததும் ஓலை கூறச் சொல்லி உங்கள் சாமியாருக்கு எழுதட்டுமா? இந்த முறை முந்தின நாளே வந்து கோயில் வாசலில் படுத்துக்கொள்கிறேன்.

உன்
தேவசிகாமணி

*

வாழவந்தி
12-1-1985

மாமாவுக்கு,

சாமியாருக்கு எழுத வேண்டாம்.

என் பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. உங்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பியவள், பையில் ஸ்வெட்டர் இருப்பதைப் பார்த்து ஓடி வந்தேன். நீங்களும் மகளும் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தீர்கள். நான் உரித்துக் கொடுத்த கமலா ஆரஞ்சில் மிச்சச் சுளைகளை அவள் உள்ளங்கையில் வைத்திருந்தாள். நீங்கள் அதை வாங்கிக் கடைக்குப் பின்னால் எறிந்தீர்கள். பிறகு டிரம்மில் தண்ணீர் மொண்டு அவள் கையைக் கழுவிவிட்டீர்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். நான் பிடித்து நடத்தி வந்த கையைத்தான் அதிகமாகத் தேய்த்தீர்கள். "ஏம்ப்பா?" என்று அவள் கேட்டாள். "பிசுபிசுன்னு இருக்குது சாமி" என்றீர்கள்.

நான் ஸ்வெட்டரைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் கெட்டவர் என்றும் நினைக்கவில்லை. பெற்ற பிள்ளை என்று வரும்போது கை தானாகப் போய்விட்டது. என் நோய் போய் வருடங்களாகிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்த புத்தி கைக்கு வந்து சேரவில்லை.

எங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிட்டதைக் கவனித்தேன். மறுபடியும் கேட்டு வாங்கினீர்கள். அந்தக் குளிரிலும் உங்கள் நெற்றியில் வேர்த்திருந்தது. குழம்பு காரம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது புரிகிறது. என்னைக் கட்டிக்கொண்டால் நான் சமைத்ததை ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள். துணிந்து சாப்பிடுவீர்கள். அந்தத் துணிச்சலை வேளைக்கு வேளை எதிரில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. குடத்தைக் கழுவித் தொடுகிறவர்களோடு இருந்துவிடலாம். அவர்கள் என்னை ஆசையாகப் பார்ப்பதில்லை.

மன்னித்துவிட்டேன் என்றது பொய்யில்லை. அதைத் திரும்ப வாங்கவும் மாட்டேன். கல்யாணம் மட்டும் வேண்டாம்.

'சரி' என்று சொன்ன அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பிலோமினா

*

ஓசூர்
27-1-1985

பிலோமினாவுக்கு,

நீ பார்த்தது நிஜம். அழுக்கு என்றும், வழிப்பயணம் என்றும் ஏதேதோ எழுதிப் பார்த்தேன். படித்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

முதல் முறை நானே அறிந்துதான் ஓடினேன். இந்த முறை ஓடினேன் என்பதே நீ சொல்லித்தான் தெரிகிறது.

பாஸ்காவுக்கு ஏற்காடு போகிறோமா என்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். ஓலை கூறியதிலிருந்து டிரம் தண்ணீர் வரைக்கும். முழுக்கக் கேட்டாள். பிறகு, "நான் சாப்பிட்டேன்ல, எனக்கு ஒண்ணும் ஆவலயே" என்றாள். மறுநாள் தலை பின்ன என்னிடம் வரவில்லை. தானே பின்னிக்கொண்டாள்.

இனி உன்னை எதுவும் கேட்க எனக்கு உரிமை இல்லை. அவள் உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்கிறாள். வேண்டாமென்றால் தடுத்துவிடுகிறேன்.

தேவசிகாமணி

*

வாழவந்தி
24-3-1985

ஜெசிந்தாவின் அப்பாவுக்கு,

தடுக்க வேண்டாம். அவள் எழுதட்டும்.

போன வாரம் பெய்த மழையில் காப்பி முழுக்கப் பூத்துவிட்டது. லயன் வரைக்கும் வாசனை. பார்த்ததும் அவள் நினைப்புதான் வந்தது. மே மாத லீவுக்கு அவளை இங்கே அனுப்புங்கள். அம்மா இப்போதே அவளுக்கென்று ஒரு பாய் வாங்கிவைத்திருக்கிறாள். பள்ளி திறப்பதற்குள் சேகரோடு திருப்பி அனுப்பிவைக்கிறேன்.

நீங்கள் மேலே வர வேண்டாம். என்னால் தாங்க முடியாது. உங்களைப் பார்த்தால் மறுபடியும் 'சரி' என்று சொல்லிவிடுவேன். அடிவாரத்தில் அவளைப் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் சொல்லி விடுங்கள். ஒண்டிக்கடையில் நான் நிற்பேன்.

ஜன்னல் பக்கமாக உட்கார வையுங்கள். வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றும். பஸ் கிளம்பும்போது கை காட்டுவாள். கோபத்தில் காட்டாவிட்டாலும் நீங்கள் காட்டுங்கள். பஸ் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போங்கள்.

பிலோமினா