அருணாவுக்கு வந்த ஓட்டு

24 மார்ச் 2024, ஞாயிறு

குருத்தோலை பவனி முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் அருணா. கம்பெனியில் பேக்கிங்கில் என் பக்கத்து டேபிள். வீடு இங்கே கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில்.

"ரம்யா, எனக்கு வாக்காளர் அட்டை வந்திட்டுது."

அட்டையைக் கையில் தரவில்லை, தள்ளிப் பிடித்துக் காட்டினாள். பிறந்தது மண்டபம் முகாமில், எண்பத்தாறில். அப்போது இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியர்கள் என்று ஒரு வக்கீல் சொல்ல, கோர்ட்டுக்கு அலைந்து வாங்கியிருக்கிறாள். அம்மாவும் புருஷனும் அக்கரையில் பிறந்தவர்கள், அவர்களுக்குக் கிடையாது. என் அட்டை பீரோவில் எந்தத் தட்டில் கிடக்கிறதோ!

28 மார்ச்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். ஜெயராஜ் எங்கள் பூத்தில் கட்சி ஏஜென்ட்.

"இன்னிக்கு ஒருத்தி. நாளைக்கு முகாமே வரும். அப்பறம் டெல்லிக்கு எவன் போறதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க, நாம வேடிக்க பாத்துக்குனு இருக்கணும். நம்ம கட்சிக்கு அங்க ஒரு ஓட்டு உழாது, தெரியுமா?"

"அதுக்கு இன்னா பண்ணப் போற?"

"பூத் ஆபீசர்கிட்ட ரெண்டு ரூபா கட்டினா, இது அந்த ஆளே இல்லன்னு ஆட்சேபம் சொல்லலாம்."

"அவதான்னு தெரிஞ்சுக்குனேவா?"

"விசாரிக்கறதுக்குள்ள அவளே பயந்துக்குனு போயிடுவா."

போவாள். காக்கிச் சட்டையைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறவள்.

7 ஏப்ரல்

முகாம் வாசலில் நிற்காமல் போகிற பிரச்சார வேன் இன்று நின்றதாம். வேட்பாளர் இறங்கி அருணாவைக் கும்பிட்டாராம். ஒரே ஒரு ஓட்டு! அதற்கு இவ்வளவு சக்தியா?

18 ஏப்ரல்

வீட்டுக்காரர் சட்டைப் பையில் இரண்டு ரூபாய்க் காசைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துக்கொண்டே போட்டார். ஒரே பேஜாரு.

19 ஏப்ரல், வெள்ளி

பூத் வரிசையில் எனக்கு முன்னால் அருணா. அவளுக்கும் எனக்கும் நடுவில் அவள் அம்மா, புருஷன், இரண்டு பிள்ளைகள். எல்லாரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, வரிசை கலையாமல் நின்றார்கள். போலீஸ்காரர் வந்து, ஓட்டு இல்லாதவர்கள் ஏன் நிற்கிறீர்கள் என்றார்.

"கணக்கெடுப்பெண்டா குடும்பமே வந்து நிக்கோணும் தானே தம்பி," என்றார் அருணாவின் அம்மா. "முகாமில அப்பிடித்தான். ஆள் குறைஞ்சா பேரை வெட்டிப்போடுவினம். பிள்ளையின்ர பேரை வெட்டக் கூடாதெண்டு எல்லாரும் வந்திட்டம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஓட்டுக்கு ஒரு குடும்பமே ஆஜர். இதையா நான் இத்தனை வருஷமும் வேலை கெடுகிறதே என்று சலித்துக்கொண்டு போட்டு வந்தேன்?

போலீஸ்காரர் குரலைத் தணித்து, "யாரும் வெட்ட மாட்டாங்கம்மா, அங்க நெழல்ல நில்லுங்க," என்றார். அவர்கள் அங்கே போயும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

உள்ளே ஆபீசர் அருணாவின் பெயரை உரக்கப் படித்தார். ஏஜென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தது. ஜன்னல் வழியாக நிழலில் நிற்கும் அந்த நாலு பேரைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது. கர்த்தரே, கர்த்தரே என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

பேனாவை எடுத்தார். தன் பட்டியலில் டிக் அடித்து, "சரி சார்," என்றார்.

அருணா மையிட்ட விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி வெளியே போனாள். ஓட்டு மிஷின் முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. ஓட்டுப் போடப் போய் அழுதது இதுதான் முதல் தடவை.

4 ஜூன்

இவர் கட்சி தோற்றது. ராத்திரி சாப்பிடவில்லை.

5 ஜூன்

"அருணா யாருக்குப் போட்டாளாம்? கேட்டு வா," என்றார் காலையில். கேட்டேன். கம்பெனியில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆர் வீட்டுக்கு வந்தது, எங்க போறம், எப்ப திரும்பி வருவம், எல்லாம் அதிகாரிமாருக்குச் சொல்லித்தான் நான் வளந்தனான். இது ஒண்டைத்தான் ஒருத்தரும் கேக்கேலாது ரம்யா. நீயும் கேக்காத."

சாயங்காலம் அப்படியே இவரிடம் சொன்னேன். எலெக்ஷன் முடிந்தால் நான் யாருக்குப் போட்டேன் என்று என்னைக் கேட்காமல் விடமாட்டார். இந்தத் தடவை கேட்கவில்லை.