கதவின் மேல் மூன்று மூட்டை

நவ. 18, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். போட் மூழ்கி ஊர் திரும்பி ஒன்பது நாள். இன்னும் ஆள் வந்து நிற்கிறது. ஆப்பிள், பிஸ்கட், ஒரே கேள்வி.

"கவுந்தப்போ வீடியோ எடுத்தியாப்பா?"

இல்லை என்றதும் முகம் சுருங்குகிறது. த்தூ.

உயிர் பிழைத்ததற்காக ரஹ்மத் ஃபாத்திஹா ஓதி பிரியாணி ஆக்கினாள். வெங்காயம் வதங்கும் வாசம். இரண்டு வாய்கூட இறங்கவில்லை.

"வெள்ளக்காரங்களுக்கு எட்டு வருசம் ஆக்கிப்போட்ட மனுசன். பொண்டாட்டி சோறு கசக்குதோ?"

நவ. 19, புதன்
மழை விட்டது. மச்சான் வந்தார். வெளிநாட்டில் பயணிகளைக் கடலில் முக்குளிக்கக் கூட்டிப்போகும் டைவிங் போட்டுக்குச் சமையல் வேலைக்கு என்னை அனுப்பிய அதே மச்சான். ரஹ்மத்தின் அண்ணன் என்பதால் நாற்காலி போட வேண்டியிருக்கிறது. கையில் போட் முதலாளி அனுப்பிய வாக்குமூலத் தாள், அங்கே நடக்கும் விசாரணைக்கு. தமிழில். என் வசதிக்காம்.

1. பயணிகளுக்குப் பாதுகாப்பு முறைகள் சொல்லப்பட்டன. (பொய்)
2. லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டப்பட்டது. (பொய்)
3. பெரிய அலையால் கவிழ்ந்தது. (இருக்கலாம்)
4. கீழ்த்தட்டு அவசர வழியில் தடை ஏதும் இல்லை.

நாலாவதைப் படித்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"செத்த ரெண்டு பேரும் எந்திரிச்சா வரப்போறாங்க மாப்ள? கையெழுத்துப் போடு. அடுத்த போட்லயும் நீதான் குக்கு. நம்மூரு ஆளுங்க ஆறு பேரு விசா இதுலதான் நிக்குது."

வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாராம். ரஹ்மத் கதவோரம் நின்று தலையாட்டுகிறாள்.

நவ. 20, வியாழன்
மூட்டம். தூக்க மாத்திரை வாங்கப் பெரம்பலூர் போகவேண்டும். போகவில்லை.

எழுதிவிடுகிறேன். கீழ் அறைகளிலிருந்து மேலே வர இரண்டு வழி. படிக்கட்டு ஒன்று. இன்னொன்று என் ஸ்டோர் ரூம் தரையில் திறக்கும் கதவு. இடமில்லை என்று அதன் மேல் மூன்று மூட்டை வெங்காயம் போட்டேன். கேப்டன் பார்த்தார், பேசாமல் போனார்.

கீழ் அறையில் புருஷனோடு தங்கியிருந்த அம்மா முதல் நாளே டீ வாங்கும்போது கேட்டது, அந்த வழி எங்கே போகும் என்று. கிச்சனுக்கு, வந்தால் வெங்காயம் உரிக்கணும் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். சிரித்தது. நானும் சிரித்தேன். சீ.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் கீழே தூக்கம். ஒரே சாய்வு. படிக்கட்டு முழுக்கத் தண்ணீர். கதவைக் கீழிருந்து தட்டினார்கள். இரண்டு மூட்டையை இழுத்துவிட்டேன். மூன்றாவது நனைந்து கனத்து அசையவில்லை. ஜன்னல் வழியே குதித்தேன்.

தட்டுவது நின்ற பிறகுதான் குதித்தேன் என்று ரஹ்மத்திடம் சொல்லியிருக்கிறேன். நிற்கவில்லை.

நவ. 21, வெள்ளி
வெயில். ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வெளியே அந்த ஆறு பேர். மச்சான் பக்கத்திலேயே. கை கொடுத்தார்கள். ஒருவர் கேட்டார்.

"போட்ல நமக்குப் படுக்க எடம் எங்கண்ணே?"

நான் வாய் திறப்பதற்குள் மச்சான், "கீழதான். ஏசி ரூம்பு!"

சிரிப்பு வேறு.

வீட்டுக்கு வந்து ரஹ்மத்திடம் உண்மையைச் சொன்னேன். என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

முதல் இரண்டு வரியையும் நாலாவதையும் பேனாவால் அடித்துவிட்டு எழுதினேன். 'தடை இருந்தது. மூன்று மூட்டை. வைத்தது நான்.' கீழே கையெழுத்து. போட்டோ எடுத்து அங்கே விசாரிக்கிற ஆபீசுக்கும் அனுப்பியாயிற்று.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து மச்சான் வருவார். நாற்காலியை ரஹ்மத் உள்ளே எடுத்துவைத்துவிட்டாள்.