உடைந்த மெழுகுக் கலர்களும் நான் சொல்லாத ஒரு வார்த்தையும்

என் செல்ல நசீமாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் நாளையோடு ஒரு வருடம். கிண்ணியாவில் உன் வீட்டில் ஓதுவார்கள். எனக்கு ஓதத் தெரியாது. இன்று காலை மாதா கோயிலில் உன் பெயருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். "நல்ல மெழுகை ஏன் அக்கா எரிச்சு வீணாக்கிறீங்க?" என்று நீ பக்கத்தில் நின்று கேட்பது போல இருந்தது. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது.

உன்னிடம் சொல்ல வேண்டியதை நீ இருக்கும்போது நான் சொல்லவில்லை. இப்போது நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான் இது.

திருகோணமலைக் கடற்கரையோரப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த வகுப்பு. உனக்குப் பாலர் வகுப்பு, எனக்கு முதலாம் வகுப்பு. நீ நிரந்தர ஆசிரியை. நான் உன்னைவிட ஐந்து வயது மூத்தவள், ஆனாலும் தற்காலிக நியமனம். வருடா வருடம் கடிதம் வந்தால்தான் வேலை. துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது விழுந்து, இடுப்பு அடிபட்டு, என் கணவர் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. நீ அதை ஒருநாளும் மறக்கவில்லை. மறந்திருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காதோ என்னவோ.

வெளிநாட்டுச் சாமான் கடைகளுக்கு வராத வருடங்கள். பிள்ளைகளுக்குச் சிலேற்றும் வெண்கட்டியும்தான். அப்போது துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் மாலுமிகள் மரப்பெட்டி நிறைய மெழுகுக் கலர் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் அதை முதலில் மணந்து பார்த்தார்கள். ஒருத்தன் கடித்தும் பார்த்தான். ஆறு மாதத்தில் பெட்டி முழுக்கத் துண்டு துண்டாகிவிட்டது. சின்ன விரலாலும் பிடிக்க ஏலாத துண்டுகள்.

காவலாளி அவற்றைக் குப்பையோடு கூட்டி, வளவில் வெட்டிய கிடங்கில் போட்டு எரிப்பார். கறுப்புப் புகை வகுப்புக்குள் வரும். உன் வகுப்பில் முட்டு வருத்தக்காரப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். புகை வந்த நாளெல்லாம் அவளுக்கு மூச்சு இழுக்கும். நீ போய்ச் சண்டை பிடித்தாய். அவர் எரிப்பதை விட்டுவிட்டுக் கடற்கரை மணலில் கொண்டுபோய்க் கொட்டத் தொடங்கினார்.

பிறகு ஒரு நாள், மீன் காயப்போட்டு விற்கும் அந்தோனியம்மா பள்ளிக்கூடத்துக்குள் நேராக நடந்து வந்தாள். ஓலைப்பெட்டியை உன் மேசையில் கவிழ்த்தாள். நெத்தலிக் கருவாடு. பாதி சிவப்பு, பாதி பச்சை. மணலில் கிடந்த கலர் வெயிலில் உருகி, அவள் மீன் பரப்பிய பாயில் ஊறிவிட்டது.

"டீச்சர், இது என்ன மீன் எண்டு சொல்லுங்கோ பாப்பம். பச்சை நெத்தலி நான் இந்தக் கடல்ல கண்டதில்லை. இதை ஆர் வாங்குவினம்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. எழுந்து நின்றாய். "பிழை எங்கட பக்கம்தான். இனி ஒரு துண்டும் அங்க வராது" என்றாய்.

அவள் போன பிறகு நான் உன்னைக் கேட்டேன். "எரிக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது எண்டால் இதை என்னதான் செய்யிறது?"

"புதைச்சாலும் இது மக்காது அக்கா. கடல்ல போட்டா மீன் தின்னும். இது திரும்பவும் புள்ளைகள்ற கைக்குத்தான் போகணும்."

சொல்வது லேசு. எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, சுற்றியிருந்த கடதாசியை உரித்தோம். கடதாசி வாழையடிக்குப் போனது. மெழுகை நிறம் நிறமாகப் பிரித்தோம். களிமண்ணில் வார்த்தோம், ஒட்டிக்கொண்டது. சிரட்டையில் வார்த்தோம், பெரிய கட்டியாக வந்தது, பிள்ளைகளால் பிடிக்க ஏலவில்லை. கடைசியில் நீதான் வீட்டிலிருந்து ஒரு கட்டுப் பப்பாசி இலைத்தண்டு கொண்டுவந்தாய். உள்ளே குழல் மாதிரி வெறுமையாக இருக்கும் தண்டு. ஒரு நுனியைக் களிமண்ணால் அடைத்து, உருகிய மெழுகை ஊற்றி, ஆறிய பிறகு கத்தியால் கீறினோம். உள்ளே நீலக் கலர், விரல் தடிப்பில், கொஞ்சம் வளைந்தபடி. நீ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமையில் நீ நேரத்தோடு வீட்டுக்குப் போவாய். அதனால் வியாழன் பின்னேரம் எங்கள் நாள் ஆனது. பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் குசினியில் பெரிய சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால்மா வந்த தகரப் பேணியை இறக்கி, பேணிக்குள் மெழுகு. நேரே நெருப்பில் வைக்கக் கூடாது என்பது உன் சட்டம். பக்கத்தில் எப்போதும் ஒரு மூடி இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. நிறம் கலந்து மண்ணிறமாகிப் போனதையும் நீ எறிய விடவில்லை. கிழிந்த வலை பொத்தும் நூலில் பூச நல்லது என்று அந்தோனியம்மாவே வந்து வாங்கிப் போனாள். ஒரு வருடத்துக்கும் மேலே எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுகூட வெளியே போகவில்லை.

இனி அந்த வியாழக்கிழமை.

அன்றைக்குக் கணவருக்கு மருந்து எடுக்க நான் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. மெழுகு இளகவில்லை. நீ பின்வளவில் தண்டு வெட்டப் போயிருந்தாய். நான் தண்ணீர்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பேணியை நேரே அடுப்பில் வைத்தேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். முதலில் புகைந்தது. பிறகு பேணிக்குள்ளேயே தீ எழும்பியது. மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, நசீமா. என் கண்ணில் அது படவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கினேன்.

"அக்கா, தண்ணி ஊத்தாதீங்க!" என்று வாசலில் இருந்து கத்தினாய். கத்திக்கொண்டே ஓடிவந்து என்னை இடித்துத் தள்ளினாய். ஆனால் அதற்குள் நான் ஊற்றிவிட்டேன். தீ கூரை வரைக்கும் எழும்பியது. நான் விழுந்த இடத்தில் எனக்கு ஒன்றுமில்லை. நான் நின்ற இடத்தில் நீ நின்றாய். கொதித்த மெழுகு உன் வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் ஒட்டியது.

மூடியைப் போட்டு அணைத்ததும் நீதான். இடது கையால்.

பள்ளிக்கூட அதிபர் ஓடிவந்தார். உன் கையைப் பார்த்தார், கரி படிந்த கூரையைப் பார்த்தார். "ஆர் தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என் நியமனக் கடிதம் அந்த மாதம்தான் வர இருந்தது. அதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"நான்தான் சேர்."

ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். "இல்லை" என்ற வார்த்தை. அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. கையில் கட்டோடு கிடந்த உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் தோடம்பழம் கொண்டுவந்தேனே தவிர, அந்தக் கதையை எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய்? என் வீட்டு நிலைமைக்காகவா? வலியில் வாய்க்கு வந்ததா? நான் மறுத்துச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் நடப்பதையெல்லாம் அதிபர் எழுதிவைக்கும் சம்பவத் திரட்டில் உன் பெயர் ஏறியது. கவனக்குறைவு என்று. பிறகு உன்னை உட்கிராமப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டன. இடது கையால் எழுதப் பழகி, எனக்கு ஒரு கடிதம் போட்டாய். எழுத்து பாலர் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி சாய்ந்து கிடந்தது. "இங்க பப்பாசிக்குக் குறைவில்லை அக்கா. மெழுகுக் கலர்தான் இல்லை. அங்க சேருறதை அனுப்புங்க" என்று எழுதியிருந்தாய்.

நான் அனுப்பவில்லை. நீ போன பிறகு பழைய துண்டுகளை யாரும் சேர்க்கவில்லை, அவை திரும்பக் குப்பைக் கிடங்குக்கே போயின. இதையும் உனக்கு எழுத எனக்கு முகமில்லை. என் நியமனம் நிரந்தரமானது. அந்தச் செய்தியை மட்டும் எழுதினேன். நீ சந்தோஷப்பட்டுப் பதில் போட்டாய்.

உனக்கு மஞ்சட்காமாலை என்று கேள்விப்பட்டு, இந்தக் கிழமை வருவேன், அடுத்த கிழமை வருவேன் என்று இருந்துவிட்டேன். மௌத்துச் செய்தி வந்த அன்று பாதைப்படகுக்கு ஓடினேன். நான் துறையில் இறங்கி உன் வீட்டுக்கு வந்து சேர முன்னம் மையத்தை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். உன் உம்மா என் கையைப் பிடித்து, "வந்திட்டீங்களா மகள்" என்று அழுதா. அந்தக் கையைப் பிடிக்க எனக்கு என்ன தகுதி இருந்தது?

இனி இப்போதைய செய்தி.

கடைகளில் எல்லாச் சாமானும் வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பெட்டி கலர். நுனி முறிந்தால் போதும், எறிந்துவிடுகிறார்கள். போன மாசியில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முறிந்த சிவப்பைக் கொண்டுவந்து, "டீச்சர், இதைக் குப்பையில போடட்டா?" என்று கேட்டாள். "போடு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல ஏலவில்லை. அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த நாள் இன்னும் ஆறு துண்டு வந்தது. கிழமை முடிய லாச்சி நிறைந்துவிட்டது. உருக்க வேண்டும் என்றால் அந்தக் குசினிக்குள் போக வேண்டும். குசினிக்குள் போக வேண்டும் என்றால் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

புது அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"முடிஞ்ச கதை டீச்சர். அவவும் இல்லை. இப்ப ஏன் கிளறுறீங்கள்? உங்களுக்குத்தான் கரைச்சல்."

"கரைச்சல் வரட்டும் சேர். அந்தப் புத்தகத்தைத் தாங்கோ."

"பழைய பக்கத்தில கை வைக்க ஏலாது."

"புதுப் பக்கத்தில எழுதுறன்."

எழுதினேன். பேணியை நெருப்பில் வைத்தது நான், தண்ணீர் ஊற்றியது நான், ஆசிரியை நசீமா என்னைக் காப்பாற்ற வந்து கையைக் கொடுத்தவள், அவள் மேல் எழுதப்பட்டது பொய், அந்தப் பொய்க்கு நான் வாய்மூடி உடந்தை. கீழே என் முழுப் பெயர். அதிபர் நெடுநேரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டிவரும் என்றார். அறிவிக்கட்டும்.

அதன் பிரதியை எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது அல்லவா? நானே வாசித்தேன். முடிக்கும் வரைக்கும் அவ அசையவில்லை.

"ரெண்டு வருசம்" என்றா. "ரெண்டு வருசம் நான்தான் என்ட புள்ளைக்குச் சோறு தீத்தின. தலை வாரிவிட்ட. கட்டு மாத்தக்குள்ள வாயில துணியக் கடிச்சிட்டு இருப்பாள். ஒருக்காவாவது ஒங்கட பேர அவள் சொல்லல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்தா. "இத அவள் உசிரோட இருக்கக்குள்ள கொண்டு வந்திருக்கணும், டீச்சர்."

மகள் என்று சொல்லவில்லை. டீச்சர் என்றா.

"ஓம் உம்மா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. கேட்டால் அவ தர வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன். எழும்பினபோது, "இரிங்க" என்றா. "இன்னொருக்கா வாசிங்க. அவள் ஊத்தல்ல எண்ட இடத்த."

வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னா. பிறகு கடதாசியை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, அலுமாரிக்குள் உன் உடுப்புகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினா. வாசல் வரைக்கும் வரவில்லை. இனி வராதே என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமைகளில் குசினி அடுப்பு திரும்ப எரிகிறது, நசீமா. சட்டியில் தண்ணீர், தண்ணீருக்குள் பேணி. புதிதாக வந்த இரண்டு ஆசிரியைகள் என்னோடு நிற்கிறார்கள். உன்னை மாற்றிய அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பெட்டி அனுப்பினேன், நீ கேட்டு எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த அடுப்பில் மெழுகு இளகுகிற ஒவ்வொரு முறையும், பழக வருகிற ஒவ்வொருவருக்கும், இந்தக் கதையைச் சொல்வேன். மூடியைப் பக்கத்தில் வை, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே என்பேன். ஆர் ஊற்றினது என்று அவர்கள் கேட்பார்கள். நான் என்று சொல்வேன். உனக்கு முந்தி, உடனே சொல்வேன்.

உன் கூடப்பிறக்காத,
உன் கையால் உயிர் தப்பிய அக்கா
பிலோமினா