நிலத்துக்குள் போன ஒரு வரிக் கல்

பத்து அடி என்று இன்று காலையும் கணினித் திரை எனக்குப் பொய் சொன்னது. ஒட்டுசுட்டானில் நான் பிளான் கீறி, மேசன் நீர் கட்டிய பாலர் பாடசாலைக்கு இன்னோர் அறை வேண்டுமாம். பழைய பிளானைத் திறந்து அறையின் நிலத்தை எட்டு அங்குலம் இறக்கிப் பார்த்தேன். சீலிங்குக்கு எழுதியிருந்த உயரம் அசையவில்லை. ஓர் அடி ஏற்றினேன். அப்போதும் பத்து அடிதான்.

அந்த மென்பொருள் சீலிங்கை நாம் நிற்கும் நிலத்திலிருந்து அளப்பதில்லை. அத்திவாரத்துக்கு மேல் நான் முதலில் கீறிய அடிமட்டக் கோட்டிலிருந்து அளக்கிறது. நிலம் எங்கே போனாலும் அதற்கென்ன? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. உமக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அதுதான் என் கோபம்.

நினைவிருக்கும் உமக்கு. நீர் அத்திவாரம் முடித்துச் சுவர் எழுப்பத் தொடங்கிய கிழமை அது. ரீச்சர் வந்து நின்றா. "அண்ணை, மாரிக்குக் குளத்துத் தண்ணி உள்ள வரும். நிலத்தை ஒரு கல்லு உயர்த்திப் போடுங்கோ." சுவரில் ஒரு வரிக் கல் எட்டு அங்குல உயரம். வீட்டுக்குப் போய்த் திரையில் நிலத்தை ஏற்றினேன். உயரம் பத்து அடியாகவே நின்றது. நிலத்தோடு சீலிங்கும் தானாக ஏறிவிட்டது என்று பெருமைப்பட்டு, புதுத் தாளைக் கொண்டுவந்து தந்தேன்.

நீர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். "ஏன் காணும், நிலத்தை உயர்த்தினீர் சரி. சீலிங்கை உயர்த்தினீரோ? சுவர் அதே பதினைஞ்சு வரிதானே கிடக்கு?"

"பத்தடி எண்டு எழுதிக் கிடக்கெல்லே. தெரியாட்டிக் கண்ணாடியை மாத்தும்."

"எந்த நிலத்திலயிருந்து பத்தடி?"

"கொம்பியூட்டர் கணக்குப் பாத்துத் தந்தது. நீர் பதினைஞ்சு வரியை வையும்."

நீர் வைத்தீர். அதில் ஒரு வரி உயர்த்திய நிலத்துக்குள் போனது.

திறப்பு விழாவன்று பிள்ளையைத் தோளில் ஏற்றிவந்த தகப்பன் ஒருவர், சுழலும் விசிறியைக் கண்டு பதறிக் குனிந்தார். உடனே நிலத்திலிருந்து சீலிங் வரை அளந்தார்கள். ஒன்பது அடி நான்கு அங்குலம். அடுத்த ஞாயிறு பாடசாலைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் என் பிளான்.

"எட்டு அங்குலம். சரியா ஒரு வரிக் கல்லு. கல்லு நடந்தே போனது?"

"மேசன்ரை வீட்டு மதிலைப் போய்ப் பாருங்கோ, இருக்கும்."

சிரித்தார்கள். என்னைக் கேட்டார்கள். நான் எழுந்து, "என்ரை பிளானில பத்தடி. கட்டினவரைக் கேளுங்கோ" என்றேன். நீர் என்னை ஒருமுறை பார்த்தீர். "பிழை நடந்து போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தீர்.

அதன்பிறகு ஒட்டுசுட்டானில் ஒரு கிணற்றுக் கட்டுக்குக்கூட உம்மைக் கூப்பிடவில்லை. வயது போன காலத்தில் துணுக்காய்க்கு பஸ் ஏறி வேலைக்குப் போனீர். பஸ் நிற்கும் இடத்தில் வைத்து, "ஏன் காணும் ஒரு வரியைக் குறைச்சனீர்?" என்று கேட்ட மடையன் நான். "விடும். விசிறி சுத்துதுதானே" என்றீர். அதைக் குற்ற ஒப்புதல் என்றல்லவா எடுத்துக்கொண்டேன்!

ஏன் வாயை மூடினீர் என்று இப்போது தெரிகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அறுபது கடந்து கொம்பியூட்டர் பழகினவன் என்று அதே ஆட்கள் என்னைப் பழித்ததை நீர் கேட்டிருக்கிறீர். உம்முடைய ஒரு சொல் என் பிழைப்பை முடித்திருக்கும். ஆனால் அந்த இரக்கத்தை உம்மிடம் யார் கேட்டது? சண்டை பிடித்திருந்தால் அன்றிரவே நான் பிளானைத் திறந்திருப்பேன். உம்மைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டே, இரண்டு மாரிக்கு முன் உமது பாடையின் பின்னால் நடந்திருக்கமாட்டேன்.

மத்தியானம் குழுத் தலைவரைப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்சுவர் இன்னும் பூசாமல் கிடக்கிறது. அத்திவாரத்துக்கு மேலே வெளியில் எண்ணினால் பதினைந்து வரி. களஞ்சிய அறைக்குள் நின்று அதே சுவரை எண்ணினால் பதினான்கு. ஆறு வருடமாக எவரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

"இப்ப ஏன் ஐயா இதைக் கிண்டுறியள்? ஆள் போயிட்டார்."

"ஆள் போயிட்டார். நீங்கள் சொன்ன கள்ளப் பேர் போகேல்லை."

அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பிளானைக் கழற்றினேன். பத்து அடி என்பதைக் கோடிட்டு வெட்டி, "முடிந்த நிலத்திலிருந்து ஒன்பது அடி நான்கு அங்குலம். பிழை பிளான் கீறியவனுடையது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"இனி ஆர் உங்களிட்டைப் பிளான் கீறத் தருவினம்?"

"தராட்டி விடட்டும். கூட்டத்தைக் கூட்டுங்கோ, நானே வாசிக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமைக்குக் கூட்டுகிறார்கள். அன்று உம்மைப் பழித்தவர்கள் எல்லோரும் வர வேண்டும், வராதவர் வீட்டு வாசலில் போய் நின்று வாசிப்பேன். இனி ஒரு சீலிங் உயரம் எழுதுமுன் "எந்த நிலத்திலயிருந்து?" என்ற உமது கேள்விக்குத் தாளிலேயே பதில் எழுதுவேன். ஆனால் நீர் வாய் திறக்காமல் இருந்ததை மன்னிக்கமாட்டேன்.

நிலத்துக்குள் போகும் ஒன்றையும் சேர்த்துப் புது அறைக்குப் பதினாறு வரி கீறியிருக்கிறேன், காணும். சரியா என்று கேட்க ஆளில்லை.