கைக்குக் கை தராத உப்பு

ஏளா,

பங்குனியில் யாராவது மழையைக் கூப்பிடுவார்களா? கூப்பிடாமலே வந்துவிட்டது. காலையில் ஆபீசுக்குப் போகிற வழியில் உன் உப்பளத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். காய்ந்த வரப்பில் மழைத்தண்ணீர் பட்டதும் சேறும் உப்புமாக ஒரு வாடை எழும்புமே, "காசு கரையுத வாடைளா இது" என்று நீ மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அதே வாடை. பாத்தியில் விளைந்திருந்த முதல் உப்பு முழுக்கத் தண்ணீராகிக் கிடந்தது.

வரப்பில் உன் கூட்டாளிப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நீ போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள்தான் சேர்ந்து அந்தக் குத்தகையை நடத்துகிறார்கள். கருவாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு இந்த மாதமே உப்பு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். தவறினால் அந்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும், அப்புறம் வருஷம் முழுக்க விளைகிற உப்பை யாருக்குக் கொடுப்பது? உப்பைக் கிட்டங்கியில் அடைத்து வைத்திருக்கும் உள்ளூர் வியாபாரிகளோ மழையைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள், விலை ஏறட்டும் என்று.

அவர்களில் மூத்தவள் என் முகத்தைப் பார்த்து, "அக்கரையில புத்தளத்து அம்மா அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனாவல்லா?" என்றாள்.

"சொன்னாவ. எழுதித் தரலயே" என்றேன். காலமெல்லாம் பில்லும் ரசீதுமாகத் துறைமுகத்து ஆபீசில் கிடந்தவளுக்கு வேறென்ன பேச்சு வரும்?

ஆபீசில் உட்கார்ந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அதற்குள் நினைப்பில் நீ வந்துவிட்டாய், அந்தப் புரட்டாசி மாதத்தையும் கூட்டிக்கொண்டு.

அந்த வருஷம் மழை அவர்கள் பக்கம். இலங்கையில் புத்தளத்து உப்பளங்கள் கரைந்து, கடைகளில் உப்புக்குத் தட்டுப்பாடு. நம் பக்கமோ அம்பாரம் அம்பாரமாக உப்பு ஓலை போர்த்திக் கிடந்தது. ஐப்பசி மழைக்குள் விற்காவிட்டால் நீ கடன்காரி. இரண்டு அரசாங்கமும் பேசி, அங்கிருந்து ஒரு குழு வந்து இறங்கியது. "உப்பு எங்கிட்ட இருக்கு, தோணிக்கு ஒன் ஆபீசு இருக்கு, நடுவுல கடல்தான கெடக்கு. வாளா" என்று என்னையும் ஓட்டல் ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

மேசை மேல் இரண்டு நாட்டுக் கொடியும் சின்னச் சின்னதாக நின்றன. பக்கத்தில் தட்டு நிறைய நம்மூர் முந்திரி மக்ரூன். நல்லுறவு, நட்புறவு, வர்த்தக உறவு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஏசிக் குளிரில் நீ சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு உறவுக்கும் ஒரு மக்ரூன் தின்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் குழுவில் முடிவு சொல்ல வேண்டியவர் புத்தளத்து அம்மாள். சிங்களக்காரர், சந்தையில் பழகிய தமிழ் நன்றாகவே பேசினார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நம் உப்பை விரலில் தேய்த்தார், நிறம் மங்கல் என்றார், மணி சின்னது என்றார். நான் அதை விலை குறைக்கிற வித்தை என்று நினைத்தேன். நீ என் காதில், "அது இல்ல. அந்தம்மாவும் அளத்துக்காரி. அடுத்த வீட்டுல உப்பு வாங்க வந்துட்டமேன்னு மனசு நோகுது" என்றாய்.

அப்போதுதான் நம் அதிகாரி ஒருவர் போட்டோவுக்காக ஒரு உப்புப் பொட்டலத்தை எடுத்து அந்த அம்மாளின் கையில் கொடுக்கப் போனார். பின்வரிசையிலிருந்து உன் குரல் கேட்டது.

"ஐயா, உப்பக் கையில குடுக்காதிய. கீழ வைங்க."

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஏன் கையில தரக்கூடாது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"சண்ட வரும்மா. கைக்குக் கை உப்புக் குடுத்தா ரெண்டு வீட்டுக்கும் ஆகாது. இவ்வளவு பேரு கூடி ஒறவ வளக்கணும்னு பேசிட்டு, கடைசியில இப்பிடியா பண்ணுதது?"

அன்று முழுக்க இறுகிக் கிடந்த அந்த முகம் சிரித்தது. "எங்கட பக்கத்து வீடு தமிழ் வீடு. சின்ன வயசில உப்பைக் கையில குடுத்து நான் நல்லா ஏச்சு வாங்கியிருக்கிறன்" என்றார். அதிகாரி பொட்டலத்தை மேசை மேல் வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை. நீ கூசாமல் சொன்னாய்: "ஒங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப எடுத்துக்கிடுங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." வெளியே கருமேகம் கட்டிக்கொண்டிருந்தது. ஊரிலேயே அவசரம் உனக்குத்தான். அந்த நெஞ்சழுத்தத்தை இன்றும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

அளத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மாள். கூட்டிக்கொண்டு போனோம். வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உப்பு வாரும் பலகையை ஒருத்தி கையிலிருந்து வாங்கி, நாலு இழுப்பு இழுத்தார். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அப்படி ஒரு கை. பிறகு பலகையை ஊன்றிக்கொண்டு, "எங்கட பாத்தி எல்லாம் இப்ப குளம்" என்றார்.

"எனக்கும் கரைஞ்சிருக்கும்மா. நாளைக்கும் கரையும். வெயில் என்ன ஒங்க ஊருக்கு வராமலா போகும்? அதுவரைக்கும் எங்க உப்பத் தின்னுங்க. எங்களுக்குக் கரைஞ்சா நீங்க அனுப்புங்க" என்றாய் நீ.

"அனுப்புவன்" என்றார் அவர்.

அதோடு விட்டாயா? ஹாலுக்குத் திரும்பியதும், அதையும் ஒப்பந்தத்தில் எழுது என்று நின்றாய். அப்படியெல்லாம் சேர்க்க டில்லியில் கேட்க வேண்டும், கொழும்பில் கேட்க வேண்டும் என்று கையை விரித்தார்கள். "சரி, நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டோம், அது போதும்" என்று உட்கார்ந்துவிட்டாய். அந்த அம்மாள் எழுந்து போய், மேசை மேல் கிடந்த பொட்டலத்தைத் தானே எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஐப்பசி பிறப்பதற்குள் உன் உப்பு தோணி ஏறிவிட்டது. அன்று துறைமுகத்தில் நீ போட்ட ஆட்டத்தில் சுங்கத்து ஆட்களுக்கே வெட்கம் வந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, கஞ்சியில் உப்பில்லை என்று நர்சிடம் சண்டை பிடித்தாய். "அளத்துக்காரிக்கே உப்பில்லாக் கஞ்சியா?" அந்தச் சிரிப்போடேயே உன்னை எனக்கு நினைக்கப் பிடிக்கிறது. மற்றதெல்லாம் இருக்கிறது, அழுகையும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒருவழியாகப் புத்தளத்து அம்மாளுக்குப் போனைப் போட்டேன். நலம் விசாரித்தேன், வெயில் எப்படி என்றேன், ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றைக் கேட்பது முறைதானோ என்னவோ என்று சுற்றி வளைத்தேன். அந்த அம்மாள் இடைமறித்தார்.

"அங்க மழை எண்டு கேள்விப்பட்டன். உங்கட கூட்டாளி இருந்தா இவ்வளவு நேரம் இழுப்பாவா?"

"இழுக்க மாட்டா" என்றேன்.

"எங்களுக்கு இந்த முறை நல்ல விளைச்சல். உப்பு இருக்குது. ஆனா உங்கட கையில தர மாட்டன். தோணியில வைக்கிறன், எடுத்துக்கொள்ளுங்க."

நான் சிரித்த சிரிப்பில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். இறக்குமதிக் காகிதம், அனுமதி, சோதனை எல்லாம் இனி என் பாடு, அதில் நான் புலி என்று உனக்குத் தெரியும். சாயங்காலம் அளத்துக்குப் போய்ச் சொன்னேன். உன் மூத்த கூட்டாளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெறகென்ன, தண்ணிய வெட்டி விடுங்க, நாளைக்கு வெயில் அடிக்கும்லா" என்று பாத்தியில் இறங்கிவிட்டாள்.

பெரிய மேசைகளில் இரண்டு நாடுகளும் பேச இன்னும் எவ்வளவோ இருக்கிறது. மீன் இருக்கிறது, எல்லை இருக்கிறது, பழைய மனக்கசப்பும் இருக்கிறது. நன்றாகப் பேசட்டும். யாரும் எழுதிக்கொள்ளாத உன் ஒரு வார்த்தை இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த மழை அவர்கள் பக்கம் பெய்தால், அங்கிருந்து போன் வரட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை, ஏளா.