பழத்தில் தேடிய இரும்பு

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் குறைந்ததா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள். நான்கு நாளாக என் போனை எடுக்காதவனுக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது. பதினேழு முறை அடித்துவிட்டேன். செய்தி போட்டால், நீ பார்த்துவிட்டாய் என்று அடையாளம் மட்டும் வருகிறது, பதிலைக் காணோம். சின்ன வயதில் கோபம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். இப்போது அதையே கடல் தாண்டிப் போய்ச் செய்கிறாய். காலைப் பிடித்து வெளியே இழுக்க எனக்குக் கை எட்டவில்லை.

அதனால் கடிதம். உன்னோடு ஒரே அறையில் தங்கும், ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர் விடுமுறை முடிந்து நாளை விடியற்காலையில் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்பப் போகிறேன். "உங்க தம்பி படிக்க மாட்டேன்னு முறுக்கிக்கிட்டா, நானே பக்கத்துல உட்கார்ந்து சத்தமா படிச்சுக் காட்டுறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மானம் மிஞ்ச வேண்டுமானால் நீயே படித்துவிடு.

முதலில் உன் மருமகள். அவள் அழுகையைக் கேட்டுவிட்டு நீதானே சில்வண்டு என்று பெயர் வைத்தாய்? இப்போது வந்து பார், அந்தச் சத்தத்தில் பாதிதான் இருக்கிறது. இரண்டே கால் வயதுக் குழந்தை மாடிப்படியில் ஏழாவது படியில் உட்கார்ந்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டால் "கால் தூங்குது" என்கிறாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு இருக்க வேண்டிய இடம் வெளுத்துப் போயிருக்கிறது. நான் ஒரு நாளைக்கு இருபது தடவை இழுத்துப் பார்க்கிறேன். அவள் இப்போது தன் பொம்மைக்கும் இமையை இழுத்துப் பார்க்கிறாள்.

உனக்கு எண்களைச் சொல்லிவிடுகிறேன். போனில் கத்தினேனே தவிர, எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒன்பது புள்ளி இரண்டு. இரும்புச் சத்துக் குறைவு என்று குழந்தை டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், மூன்று மாதத்துக்கு. கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "மலம் கறுப்பா போகும். பயந்துடாதீங்க. மருந்து உள்ளே போகுதுன்னு அர்த்தம்." அந்த ஒரு வாக்கியத்தை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் என்பதுதான் இந்தக் கடிதம் முழுவதும்.

அந்த மருந்தை நீ முகர்ந்து பார்த்திருக்க மாட்டாய். துருப்பிடித்த ஆணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த வாசனை. உன் அத்தான் காலைப் பிடிப்பார், நான் தாடையைப் பிடிப்பேன். இருந்தும் மருந்து என் கண்ணில் இருக்கும், சுவரில் இருக்கும், அத்தானின் ஆபீஸ் சட்டையில் இருக்கும். குழந்தையின் வாயைத் தவிர எல்லா இடத்திலும் இருக்கும். தினமும் காலை எட்டு மணிக்குக் கட்டிடம் முழுவதும் எங்கள் வீட்டு அலறல். எதிர் வீட்டு டீச்சர் கதவைத் தட்டி, பேரீச்சம்பழம் போதுமே என்றார். காவல்காரர் பீட்ரூட் என்றார். லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர் முருங்கைக்கீரை என்றார். நோய் ஒருத்திக்கு, வைத்தியர்கள் ஊர் முழுவதும். இது பதினோரு நாள் நடந்தது.

பன்னிரண்டாம் நாள் உன் பெட்டி வந்தது.

நீ ஆசை ஆசையாகக் கட்டி அனுப்பியிருந்தாய். உலர்ந்த புளூபெர்ரி நான்கு பொட்டலம், நடுவில் நீ வேலை செய்கிற பழக் கம்பெனி அச்சடித்த வழவழப்பான தாள். கண்ணுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, ஞாபகசக்திக்கு நல்லது, நார்ச்சத்து இருக்கிறது, வைட்டமின் சி இருக்கிறது, கே இருக்கிறது, அந்த நீல நிறத்திலேயே உடம்பைக் காக்கும் சத்து இருக்கிறது என்று பதினான்கு நன்மைகள். கடைசியில் தொப்பி போட்ட பழம் ஒன்று சிரித்துக்கொண்டு நிற்கிறது. "எங்க பெல்ட்டுல ஓடுற பழம்க்கா. சிவப்பு விழுந்ததையும் நசுங்கினதையும் நானே பொறுக்கி எறிஞ்சுட்டு, நல்லதா பார்த்து அனுப்பியிருக்கேன்" என்று போனில் சொன்னாய். உனக்கு என்னவோ நீயே அந்தப் பழத்தைப் பெற்றுப் போட்ட மாதிரி பெருமை.

வெந்நீரில் ஊறவைத்து, தொண்டையில் சிக்காமல் ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, தட்டில் வைத்தேன். தம்பி, அவள் சாப்பிட்டாள். எல்லாவற்றையும் துப்புகிற பிள்ளை, விரலைக் கூட நக்கிவிட்டு "இன்னும்" என்று தட்டை நீட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அந்தக் கையை என் வெள்ளைத் துப்பட்டாவில் துடைத்தாள், தலையணை உறையில் துடைத்தாள், சுவரில் ஐந்து விரலையும் பதித்தாள். எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அதுகூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவளுடைய மலச்சட்டியைப் பார்த்தேன். கறுப்பு.

சிரிக்காதே. மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முந்தைய இரண்டு நாளும் சொட்டு மருந்து முழுதும் சுவருக்குத்தான் போயிருந்தது, ஒரு துளியும் உள்ளே போகவில்லை. இருந்தும் கறுப்பு. டாக்டரம்மா என்ன சொன்னார்? கறுப்பாகப் போனால் இரும்பு உள்ளே போகிறது என்றுதானே? அப்படியானால் பழத்திலிருந்துதான் இரும்பு போகிறது. இதுதான் என் கணக்கு. அன்றே மருந்துப் புட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். ஆறு வாரம். அலறல் இல்லை, சட்டையில் கறை இல்லை. தினமும் காலையில் அந்தக் கறுப்பைப் பார்த்து நிம்மதியாக ஆபீசுக்குப் போனேன்.

போன திங்கட்கிழமை மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எட்டு புள்ளி நான்கு.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மருந்து ஒழுங்கா கொடுக்கிறீங்களா?" என்றார். நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்து, கறுப்புக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, பொட்டலத்தைத் திருப்பி, பின்னால் இருந்த சத்துப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். "இதுல இரும்பு எங்கே இருக்கு, கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றார். தேடினேன். கடைசி வரியில், கண்ணாடி போட்டுப் பார்க்கிற எழுத்தில், ஒன்றுமே இல்லை என்று சொல்லக்கூடிய அளவு. "அந்தப் பழத்தோட சாயம்மா அது. பாதி அப்படியே வெளியே வருது. நீங்க சாயத்தைப் பார்த்து மருந்தை நிறுத்தியிருக்கீங்க" என்றார். பிறகு, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உன் அத்தான், பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இருக்கும் பழக்கத்தில், பெருமையாக "கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு" என்றார். அந்த அறையில் ஒரு ஓட்டை இருந்திருந்தால் அதற்குள் இறங்கியிருப்பேன்.

உன் பழத்தை டாக்டரம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதற்கும் தூக்கம் கெடுவாய். "நல்ல பழம்மா. நார்ச்சத்து இருக்கு, மலச்சிக்கல் வராது. அந்த நீலத்துல இருக்கிற சத்தும் நல்லதுதான். பிள்ளை விரும்பிச் சாப்பிட்டா தாராளமா கொடுங்க. அதுகிட்ட போய் இரும்பு கேட்டா அது எங்கே போகும்? மாட்டைக் கூட்டிட்டு வந்து பாடச் சொல்லிட்டு, ராகம் சரியில்லைன்னு மாட்டைத் திட்டுவீங்களா?" என்றார். பாலைக் குறைக்கச் சொன்னார். நாலு டம்ளர் பால் குடித்தால் வேறு எதற்கும் வயிற்றில் இடம் இருக்காதாம், இரும்பும் உடம்பில் ஒட்டாதாம். ஈரல், முட்டை, பருப்பு, கீரை. மருந்தைப் பாலோடு கொடுக்காமல், கொடுத்த கையோடு ஆரஞ்சுச் சுளை. இன்னும் நான்கு வாரத்தில் மறுபடி பார்ப்பார். அப்போதும் ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வேறு ஏதாவது இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றார். அந்த 'வேறு ஏதாவது' என்ன என்று நான் கேட்கவில்லை. அத்தானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, "யாரைக் கேட்டு மருந்தை நிறுத்தினே?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். நான், "தம்பிதான் சொன்னான்" என்றேன்.

அந்தச் சூட்டிலேயே உனக்குப் போன் போட்டேன், அவர் கேட்கும்படி ஸ்பீக்கரில். என்னென்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். பெல்ட்டில் பழம் பொறுக்குகிறவனுக்கு டாக்டர் வேலை எதற்கு என்றேன். இனி ஒரு பழம்கூட அனுப்பாதே, என் பிள்ளை விஷயத்தில் தலையிடாதே என்றேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. நீ "சரிக்கா" என்றாய். அவ்வளவுதான்.

நான்கு நாளாக உன்மேல் எரிச்சலாக இருக்கிறது. போனை எடுக்காததற்கு எரிச்சல். சிரிக்கிற பழத்தை அனுப்பியதற்கு எரிச்சல். எல்லாவற்றையும்விட, அந்த "சரிக்கா"வுக்குத்தான் பெரிய எரிச்சல். ஏன்டா சரி என்றாய்?

பெட்டி வந்த அதே வாரம் நீ என்னைக் கேட்டாய். நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், போன் தோளில் இருந்தது. மருந்தை நிறுத்திவிட்டேன், பழமே போதும் என்று நான் குதூகலமாகச் சொன்னபோது நீ "டாக்டரம்மாகிட்ட கேட்டியாக்கா? ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுடேன்" என்றாய். நான் "கேட்டாச்சு, சரின்னுட்டாங்க" என்றேன். கேட்கவில்லை, தம்பி. கேட்டால் மறுபடி மருந்தைக் கொடு என்பார், மறுபடி காலை எட்டு மணி, மறுபடி அந்த அலறல். என்னால் முடியவில்லை. அவள் துப்புவதைப் பார்க்க முடியவில்லை என்பது பாதி உண்மை. எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது, ஆபீசுக்கு நேரத்தில் போக வேண்டியிருந்தது, என்னைப் பார்த்தால் பயந்து வாயை இறுக்கிக்கொள்ளாத ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. உன் பழம் எனக்கு ஒரு சாக்கு.

இதை அன்றைக்கு ஸ்பீக்கரில் நீ சொல்லியிருக்கலாம். "டாக்டர்கிட்ட கேட்டதா நீதானேக்கா சொன்னே?" ஒரே வரி. என் முகத்திரை கிழிந்திருக்கும், உன் பெயர் தப்பித்திருக்கும். அத்தான் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்துதானே வாயை மூடிக்கொண்டாய்? உன்னை அப்படி வளர்த்த குற்றத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வளர்த்ததில் பாதி நான்தான்.

இன்று சாப்பிட்ட பிறகு அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மருந்துக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கழுவி முடித்து, உதறி, மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "முதல்ல அதைச் செய்" என்று படுக்கப் போய்விட்டார். இப்போது செய்துகொண்டிருக்கிறேன். மணி ஒன்றரை ஆகிறது.

மருந்து மறுபடி போகிறது. செவ்வாய்க்கிழமை முதல் ஒரு துளிகூடச் சுவருக்குப் போகவில்லை. கன்னத்தின் உட்புறமாக, நாக்கில் படாமல் விட வேண்டும் என்று டாக்டரம்மா செய்து காட்டினார். அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன், மருந்து இறங்குகிறது. அந்தக் கறுப்பை இப்போது நான் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் நம்பப் போவதில்லை. எண் வந்தால்தான் நம்புவேன்.

அனுப்பாதே என்று கத்தினேனே, அதை விடு. முடிந்தபோது அனுப்பு. இரும்புக்காக வேண்டாம், கண்ணுக்காகவும் மூளைக்காகவும் வேண்டாம். அவளுக்குப் பிடித்திருக்கிறது. மாமா பொறுக்கி அனுப்பியது என்று சொன்னால் "மாமா பழம்" என்று கேட்டு வாங்கித் தின்கிறாள். அந்தத் தாளை மட்டும் பெட்டியில் வைக்காதே. அந்தப் பழத்தின் சிரிப்பு எனக்கு ஆகாது.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு மாலை நான்குக்குள் தெரிந்துவிடும். உனக்கு அது பெல்ட் ஓடுகிற நேரம், மேஸ்திரி போனைத் தொட விடமாட்டார் என்று தெரியும். கழிவறைக்குப் போகிறேன் என்று சொல், வயிற்றுவலி என்று சொல், எதையாவது சொல். எண் ஏறியிருந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன். ஏறாவிட்டாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். அத்தானிடம் சொல்வதற்கு முன் எனக்குக் குரல் தேறி வர வேண்டும். அதுவரை என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், நியாயம்தான். அன்றைக்கு மட்டும் ஒரு முறை அடித்ததும் எடு.

கையுறை போடாமல் குளிர்பதன அறைக்குள் போகாதே.

உன்னைத் திட்டியே பழகிவிட்ட,
அக்கா